மலைநாட்டில் இரண்டு இரவு: சாப்பாட்டோடு ஹோட்டலா, சமையலறையோடு பங்களாவா?

பெந்தோட்டை, பேருவளைப் பக்கம் கையில் பட்டி ஒன்றைக் கட்டிவிட்டு, மூன்று வேளைச் சாப்பாடு, மாலைத் தேநீர், குடிவகை எல்லாவற்றையும் ஒரே விலைக்குள் அடக்கித் தரும் ஹோட்டல்கள் உண்டு. அங்கே அது கட்டுப்படியாகும். காலையிலிருந்து இரவுவரை கடலுக்கும் நீச்சல் தடாகத்துக்கும் நடுவிலேயே கிடக்கிறோம். பசித்தால் பத்தடியில் சாப்பாடு. அதே நினைப்போடு நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் இடம் தேடுகிறவர்கள்தான் காசை விடுகிறார்கள். மலையில் பகல் முழுக்க நீங்கள் வெளியே சுற்றுவீர்கள். இருட்டிய பிறகு எங்கேயும் போக முடியாது. இந்த இரண்டையும் வைத்துத்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்க வேண்டும்.

1. விலையைப் பார்க்குமுன் வேளைகளை எண்ணுங்கள்

ஒரு தாளில் நாட்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் காலை, பகல், இரவு என்று மூன்று கட்டம் போடுங்கள். வெள்ளி போய் ஞாயிறு திரும்பும் பயணம் என்று வைப்போம். கொழும்பிலிருந்து விடியற்காலை ஐந்துக்கு வெளிக்கிட்டால் ஹட்டன் பாதையால் நுவரெலியா சேரப் பகலாகும். பகல் சாப்பாடு வழியிலேயே முடிந்துவிடும். அறை பெரும்பாலும் பிற்பகல் 2 மணிக்குத்தான் கிடைக்கும். ஆக, வெள்ளிக்கிழமை தங்குமிடத்தில் சாப்பிடுவது இரவுக்கு மட்டும்.

சனி விடிய ஹோர்ட்டன் சமவெளி. அங்கே உலக முடிவு என்ற செங்குத்துச் சரிவின் விளிம்பில் ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் மூட்டம் ஏறி மூடிவிடும் என்பதால் ஐந்து மணிக்கே கிளம்ப வேண்டும். ஹோட்டலில் காலைச் சாப்பாடு ஏழுக்குத்தான் தொடங்கும். அந்த வேளை போச்சு. சுற்றுப் பாதை ஏறக்குறைய 9 கிலோமீற்றர். முடித்து, அம்பேவளையில் பால் குடித்து, ஹக்கலைப் பூங்காவையும் பார்த்து வந்தால் பகலும் வெளியேதான். இரவு உள்ளே. ஞாயிறு காலை உள்ளே. 11 மணிக்கு அறையைக் கொடுத்துவிட வேண்டும்.

எண்ணிப் பாருங்கள்: இரண்டு இரவுச் சாப்பாடு, ஒரு காலைச் சாப்பாடு. மூன்று வேளை. ஃபுல் போர்ட் (மூன்று வேளைச் சாப்பாடும் சேர்த்த விலை) எடுத்திருந்தால் ஆறு வேளைக்குக் காசு கட்டியிருப்பீர்கள். அந்த ஆறில் கடைசி வேளை, அறையைக் கொடுத்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமைப் பகல் சாப்பாடு. வேனில் சாமான் ஏற்றிய பிறகு அதற்காக ஒன்றரை மணித்தியாலம் காத்திருப்பவர்கள் குறைவு.

மலையில் விட்டுக்கொடுக்கக் கூடாத வேளை இரவுச் சாப்பாடு. டவுனுக்குள் தங்கினால் கொத்து, ரொட்டி என்று ஏதாவது கிடைக்கும். தோட்டத்துக்குள் ஏழெட்டுக் கிலோமீற்றர் தள்ளித் தங்கினால், பனிமூட்டம் இறங்கிய பிறகு அந்த வளைவுகளில் வாகனத்தை எடுக்க டிரைவரே சம்மதிக்க மாட்டார். சாப்பாடு கொண்டுவந்து தரும் செயலிகளும் தோட்டப் பாதைக்குள் வராது. அதனால் இரவுச் சாப்பாடு எங்கே, யார் கையால் என்று முடிவாகாமல் எந்த இடத்துக்கும் முற்பணம் கட்டாதீர்கள்.

ஃபுல் போர்ட் பொருந்துகிற ஆட்களும் உண்டு. வெளியே அலைய முடியாத வயதானவர்களோடு போகிறவர்கள், ஜூன், ஜூலை மழையில் ஹட்டன் பக்கம் போய்க் கணப்படுப்புக்கு முன்னால் புத்தகத்தோடு உட்கார நினைப்பவர்கள் தாராளமாக எடுக்கலாம். மற்றவர்களுக்கு அது வீண்.

2. ஹோட்டல்காரர் சொல்லும் சொற்களின் பொருள்

ரூம் ஒன்லி: படுக்கை மட்டும். பிபி: காலைச் சாப்பாடு சேர்த்து. ஹாஃப் போர்ட்: காலையும் இரவும். ஃபுல் போர்ட்: மூன்று வேளையும். ஆல் இன்குளூசிவ் என்பது இவற்றுக்கு மேல் குடிவகை, சிற்றுண்டி எல்லாம்; மலைநாட்டில் அது அபூர்வம். யாராவது அப்படிச் சொன்னால், எதெல்லாம் அடங்கும் என்பதை எழுத்தில் கேளுங்கள். சில இடங்களில் அது "மூன்று வேளையும் ஒரு தேத்தண்ணியும்" என்ற அளவில்தான் நிற்கும்.

ஹாஃப் போர்ட் எடுத்தால் ஒரு கேள்வியை மறக்க வேண்டாம்: "விடிய ஐந்துக்குப் போகிறோம், காலைச் சாப்பாட்டைப் பார்சலாகத் தருவீர்களா?" முதல் நாள் பின்னேரமே சொன்னால் பெரும்பாலும் தருவார்கள். ஹோர்ட்டன் சமவெளி வாசலில் பைகளைச் சோதித்துப் பொலித்தீனையும் பிளாஸ்டிக் உறைகளையும் எடுத்துவிடுவார்கள். எனவே பார்சலை வாழையிலையிலோ மூடியுள்ள பெட்டியிலோ கட்டித்தரச் சொல்லுங்கள்; பெட்டி உங்களிடமிருந்தால் இன்னும் நல்லது.

3. இரண்டு கூட்டல் குறி

விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி இருந்தால், சேவைக் கட்டணமும் வரியும் அதற்கு மேல் வரும் என்று அர்த்தம். 20,000 ரூபா என்று சொன்ன அறையைப் பாருங்கள். சேவைக் கட்டணம் 10 சதவீதம் சேர 22,000. அதன்மேல் வற் வரி 18 சதவீதம் சேர 25,960. வேறு சிறு வரிகளும் ஏறலாம். 20,000 என்று மனதில் வைத்துப் போகிறவர் 26,000க்கு மேல் எண்ணிக் கொடுத்துவிட்டு வருவார். "கடைசியாக என் கையிலிருந்து போகும் தொகை எவ்வளவு?" என்று கேட்டு, அந்த ஒரு எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள்.

வற் வரிக்குப் பதிவு செய்தவர்கள் மட்டுமே அதை அறவிடலாம். ஆறு அறை வைத்திருக்கும் சின்ன விடுதி ஒன்று வற் போட்டால், பில்லில் பதிவு இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள்.

உள்நாட்டவர் விலையும் வெளிநாட்டவர் விலையும் வேறு. கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்த சித்தப்பா குடும்பத்தையும் சேர்த்து அழைத்துப் போகும்போது, உங்கள் அடையாள அட்டையைக் காட்டி எல்லா அறைக்கும் உள்நாட்டு விலை கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். யார் யாருக்கு எந்த விலை என்பதைப் புக்கிங் செய்யும்போதே பேசி முடியுங்கள். வரவேற்பு மேசையில் வைத்துப் பேசினால் வெல்லப்போவது அவர்கள்தான்.

4. தலைகளை எண்ணினால் பாதி முடிவு வந்துவிடும்

கீழே உள்ள தொகைகள் கணக்குப் போடும் விதத்தைக் காட்ட மட்டும். உங்களுக்குக் கிடைத்த விலைகளை அவற்றின் இடத்தில் போட்டுப் பாருங்கள்.

இருவர் தங்கும் அறை, எல்லா வரியும் சேர்த்து: காலைச் சாப்பாட்டோடு 20,000, ஹாஃப் போர்ட் 27,000, ஃபுல் போர்ட் 33,000. பங்களா முழுதாக ஓர் இரவுக்கு 60,000. இரண்டு இரவு.

ஹாஃப் போர்ட்டுக்கும் ஃபுல் போர்ட்டுக்கும் இடையில் 6,000. அதாவது ஓர் ஆளின் பகல் சாப்பாட்டுக்கு 3,000. டவுனில் சோறும் கறியும் இதில் ஒரு பங்குக்குக் கிடைக்கும்.

பங்களாவுக்கு இரண்டு இரவுக்கு 120,000. ஓர் ஆளுக்குச் சாமான் 5,000 என்றும், குக்குக்கு 10,000 என்றும், விறகுக்கு 6,000 என்றும் வையுங்கள். நான்கு பேர் போனால் பங்களாவில் 156,000 முடியும். ஹோட்டலில் இரண்டு அறை ஹாஃப் போர்ட் 108,000. ஆறு பேர் என்றால் 166,000க்கு 162,000; ஏறக்குறையச் சமம். எட்டுப் பேர் என்றால் 176,000க்கு 216,000, பங்களா வென்றுவிடும்.

நான்கு பேருக்குக் கீழே பங்களாவை யோசிக்கவே வேண்டாம். எட்டுப் பேருக்கு மேல் ஹோட்டலை யோசிக்க வேண்டாம். ஆறு பேர் என்றால் காசைப் பார்க்காமல் ஆட்களைப் பாருங்கள். பால் காய்ச்ச வேண்டிய கைக்குழந்தை, சீனி வருத்தக்காரருக்குத் தனிச் சாப்பாடு, மாலை போட்ட ஒருவர் இருந்தால் பங்களா. சமைக்கப்போவது எல்லாம் அம்மாதான் என்றால் ஹோட்டல். அவருக்கும் அது விடுமுறைதான்.

5. பங்களா என்றால் எந்தப் பங்களா?

மூன்று வகை உண்டு. ஒன்று, சாவியைத் தந்துவிட்டுப் போய்விடுவார்கள். சமையல் உங்கள் பாடு. இரண்டாவது, சாமானை நீங்கள் கொண்டுபோனால் அங்குள்ள குக் சமைத்துத் தருவார்; அரசாங்கத் திணைக்களங்களின் சர்க்கிட் பங்களாக்கள் பலவும் இப்படித்தான். மூன்றாவது, குக்கிடம் காசைக் கொடுத்தால் அவரே வாங்கிச் சமைத்துப் பில்லைத் தருவார். இரண்டாவதுதான் வசதி. மூன்றாவதில் கடைப் பில்லைக் காட்டச் சொல்லுங்கள். தாளில் கையால் எழுதிய தொகையை ஏற்காதீர்கள்.

உரிமையாளர் பெரும்பாலும் கொழும்பில் இருப்பார். குசினியில் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. குக்கின் அல்லது வோச்சரின் (காவலாளியின்) இலக்கத்தை வாங்கி நேரே பேசுங்கள். "அண்ணே, எட்டுப் பேர் வாறோம். கேஸ் சிலிண்டர்ல எவ்வளவு இருக்கு? பிரஷர் குக்கர் இருக்கா? பிரிட்ஜ் வேலை செய்யுதா? பெரிய வேன் வாசல் வரைக்கும் வருமா?" இந்த நாலு கேள்விக்கும் பதில் கிடைத்தாலே பாதிக் கவலை தீரும். கடைசிக் கேள்வியைச் சும்மா கேட்கச் சொல்லவில்லை. தோட்டப் பாதையின் கடைசி இரண்டு கிலோமீற்றரில் தாழ்ந்த வேன் அடி தட்டும், கோஸ்டர் பஸ் வளைவில் திரும்பாது. பிறகு சாமானையெல்லாம் ஓட்டோவில் ஏற்றத் தனிக்காசு.

மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும். எல்லாச் சட்டியிலும் மச்சம் (மீன், இறைச்சி) சமைத்திருப்பார்கள். வெள்ளிக்கிழமை, விரதம் என்று பார்ப்பவர்கள் ஒரு சோற்றுப் பானை, ஒரு கறிச்சட்டி, ஓர் அகப்பை கொண்டுபோவதே நிம்மதி. முஸ்லிம் குடும்பங்கள் இறைச்சியை ஊரிலேயே வாங்கிக் குளிர்ப்பெட்டியில் கொண்டுபோவது நல்லது.

டிரைவரை மறந்துவிடாதீர்கள். அவருக்குப் படுக்கையும் சாப்பாடும் உண்டா, அதற்குத் தனிக்காசா என்று இரண்டு வகை இடத்திலும் கேளுங்கள். குளிரில் வேனுக்குள் படுத்தவர் மறுநாள் விடிய ஐந்துக்கு வளைவுகளில் ஓட்டுவது உங்கள் பிள்ளைகளைத்தான்.

6. உயரத்தில் சமையல் வேறு

நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். குமிழி வருகிறதே தவிர, சூடு குறைவு. சோறு வேகக் கூடுதல் நேரமும் கொஞ்சம் கூடுதல் தண்ணீரும் வேண்டும். கடலையும் பயறும் சாதாரணச் சட்டியில் இலேசில் மசியாது. பிரஷர் குக்கர் இல்லையென்றால் கடலையைக் கொண்டுபோகாதீர்கள். மைசூர்ப் பருப்போடு நில்லுங்கள். பண்டாரவளை, எல்லப் பக்கம் உயரம் குறைவு என்பதால் வித்தியாசம் அவ்வளவு தெரியாது.

தோசை மா அங்கே புளிக்காது. வழமைபோல இரவு அரைத்து வைத்தால் காலையில் வைத்தபடியே கிடக்கும், ஒரு குமிழி இராது. புளித்த மாவைக் குளிர்ப்பெட்டியில் கொண்டுபோங்கள், அல்லது ரொட்டி, பாண், இடியப்பம் என்று திட்டம் போடுங்கள். தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையும். ஒடுங்கிய வாய்ப் போத்தலில் கொண்டுபோனால் காலையில் மெழுகுவர்த்திபோல நிற்கும், ஒரு சொட்டும் வராது. அகன்ற வாய்ப் போத்தலும் ஒரு கரண்டியும் போதும்.

எட்டுப் பேருக்கு, இரண்டு இரவும் ஒரு காலையும் சமைக்க: அரிசி 3 கிலோ, பருப்பு 1 கிலோ, தேங்காய் 6, கோதுமை மா 1 கிலோ, பால்மா 400 கிராம் ஒரு பக்கெட், சீனி 1 கிலோ, முட்டை 20. வெங்காயம், மிளகாய்த்தூள், கறித்தூள், மாசி, உப்பு, பழப்புளி, கறிவேப்பிலை, நெருப்புப்பெட்டி எல்லாம் வீட்டிலிருந்தே போகட்டும். தேங்காயையும் மீனையும் கீழேயே வாங்குங்கள். இரண்டும் மலை ஏற ஏற விலையும் ஏறும். மீனுக்குப் பதில் கருவாடு கொண்டுபோனால் ஐஸ் தேடும் வேலையும் இல்லை. மரக்கறியை மட்டும் கட்டிச் சுமக்காதீர்கள். கரட், லீக்ஸ், கோவா, போஞ்சி, உருளைக்கிழங்கு எல்லாம் நுவரெலியாவிலிருந்து வெலிமடைவரை பாதையோரம் கிடைக்கும். ஏரிப் பக்கத்துத் தட்டுகளில் விலை அதிகம், சந்தைக்குள் போங்கள்.

கேஸ் கணக்கு: ஓர் அடுப்பு ஒரு மணித்தியாலம் எரிய 150 முதல் 200 கிராம் வரை போகும். எட்டுப் பேருக்கு இரண்டு அடுப்பு, நாளுக்கு மூன்று மணித்தியாலம் என்றால் ஏறக்குறைய 1 கிலோ. 2.3 கிலோச் சிலிண்டர் இரண்டு நாளுக்கு இழுபறி. 5 கிலோ இருந்தால் பயமில்லை. குளிக்கச் சுடுதண்ணியையும் அடுப்பில் வைக்கப்போனால் இந்தக் கணக்கு எல்லாம் கலைந்துவிடும், ஆகவே கீசர் உண்டா என்று முன்பே கேளுங்கள்.

பகல் சாப்பாட்டை வெளியே எடுப்பவர்கள் நேரத்தைப் பாருங்கள். சோற்றுப் பார்சல் இரண்டு, இரண்டரை வரைதான். அதற்குப் பிறகு கடையில் ரோல்ஸும் வடையும்தான் இருக்கும்.

7. பத்திரங்களும் முற்பணமும்

பெரியவர்கள் எல்லோருடைய தேசிய அடையாள அட்டை, வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் கடவுச்சீட்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் போட்டோப் பிரதி. கடைசியானது எதற்கு என்றால், பல ஹோட்டல்களில் ஆறு வயதுக்குக் கீழே இலவசம், பன்னிரண்டு வரை அரைவாசி. உயரமான பிள்ளையின் வயதில் வாக்குவாதம் வரும். இளம் தம்பதிகளிடம் சில சின்ன விடுதிகளில் அடையாள அட்டையை உற்றுப் பார்ப்பார்கள். சர்க்கிட் பங்களாவுக்குத் திணைக்களத்தின் அனுமதிக் கடிதம் கையில் இருக்க வேண்டும். போனில் இருக்கும் படத்தை வோச்சர் ஏற்காமல் போகலாம், தாளில் அச்சடித்துக்கொள்ளுங்கள்.

பேஸ்புக்கில் அழகான படத்தைப் போட்டு, முற்பணத்தை வாங்கிக்கொண்டு மறையும் ஆட்கள் சீசன் நேரத்தில் பெருகுவார்கள். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். வீடியோ அழைப்பில் குசினியையும் குளியலறையையும் காட்டச் சொல்லுங்கள். உண்மையில் இடம் வைத்திருப்பவர் இதற்குக் கோபிக்க மாட்டார். முழுத்தொகையை முன்னாடி அனுப்பாதீர்கள்.

காசு அனுப்புமுன் வட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தியை அனுப்பி, "ஆம்" என்ற பதிலை வாங்கி வையுங்கள்: "வெள்ளி, சனி இரண்டு இரவு, எட்டுப் பேர், நான்கு அறை. வரியும் சேவைக் கட்டணமும் சேர்த்து மொத்தம் இவ்வளவு. குக், கேஸ், டிரைவர் அறை இதற்குள் அடங்கும். விறகுக் கட்டு ஒன்று இவ்வளவு. மண்சரிவால் பாதை மூடினால் முற்பணம் திரும்பும் அல்லது வேறு திகதி தரப்படும். சரியா ஐயா?"

8. திகதி

ஏப்ரல் முழுக்க நுவரெலியா சீசன். விலை பலமடங்காகும், டவுனுக்குள் வாகனம் ஊரும். ஏப்ரலில் போகத்தான் வேண்டும் என்றால் பண்டாரவளையிலோ ஹப்புத்தளையிலோ தங்கிவிட்டு ஒரு நாள் வந்து பார்த்துப் போங்கள். புத்தாண்டையொட்டி 13, 14ஆம் திகதிகளில் கடைகள் பூட்டியிருக்கும். பங்களாக்காரர்கள் 12ஆம் திகதிக்குள் பாண் உட்பட எல்லாம் வாங்கி முடித்திருக்க வேண்டும்.

போயா (பௌர்ணமி) நாளில் குடிவகை விற்பனை நாடெங்கும் இல்லை. சாப்பாட்டோடு குடிவகைக்கும் சேர்த்துக் காசு கட்டியிருந்தாலும் அன்றைக்குக் கிளாஸ் வராது. இறைச்சிக் கடைகளும் மூடியிருக்கும். சிவனொளிபாத மலை யாத்திரைக் காலம் டிசம்பர் போயாவிலிருந்து மே வெசாக் வரை. அப்போது ஹட்டன், மஸ்கெலியா, நல்லதண்ணிப் பக்கம் வார இறுதியில் அறை கிடைப்பது கஷ்டம்.

மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் மழை; அதே நேரம் பதுளை, வெலிமடைப் பக்கம் வெயிலாக இருக்கும். ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை ஊவாப் பக்கம் நனையும். மழைக்காலத்தில் கிளம்பும் முதல் நாள், கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையில் நீங்கள் போகும் பிரதேச செயலகப் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். மஞ்சள் என்றால் கவனம்; சிவப்பு என்றால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, அம்புலன்ஸுக்கு 1990.

9. போய் இறங்கியதும், கிளம்பும்போதும்

இறங்கியவுடன் பயணப் பையைத் திறக்காதீர்கள். முதலில் கீசர், அடுப்பு, போர்வை எண்ணிக்கை, கழிவறைத் தண்ணீர் நான்கையும் பாருங்கள். மழை பெய்தால் ஊற்றுத் தண்ணி கலங்கி வரும். குடிக்கக் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். குசினி யன்னலைத் திறந்து வைத்துவிட்டு வெளியே போனால் குரங்கு பாணை எடுத்துக்கொண்டு போகும், சீனிப் போத்தலையும் கவிழ்க்கும்.

தோட்டப் பங்களாக்கள் பலவற்றில் கார்ட் எடுக்க மாட்டார்கள். டவுனில் நிற்கும்போதே காசு எடுத்து, குக்குக்கும் வோச்சருக்கும் கொடுப்பதைத் தனித்தனி உறையில் போட்டு வையுங்கள்.

கிளம்பும் காலை, குக்கோடு நின்று பீங்கான், கோப்பை, போர்வை எண்ணி, உடைந்தது இருந்தால் அங்கேயே விலை பேசி முடியுங்கள். சிலிண்டரையும் ஒருதரம் தூக்கிப் பாருங்கள். வைப்புப் பணத்தைக் கையில் வாங்கிய பிறகு வேனுக்கு ஏறுங்கள்; "பிறகு போடுறேன்" என்று சொன்ன வைப்புப் பணம் கம்பளை தாண்டினால் திரும்பி வருவது கஷ்டம்.